ஹைப்ரிட் கார் பேட்டரி: எட்டு வருஷத்துக்கு அப்புறம்?

ஆரணியில் பட்டு வியாபாரம் பண்றவங்களுக்கு காஞ்சிபுரம், சென்னை என்று ஓட்டம் ஓயாது. ஹைப்ரிட் கார் வாங்கலாமான்னு பேச்சு எடுத்தால் முதல் கேள்வி இதுதான்: "பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகுமாமே?"

இதற்கு இலங்கையின் அனுபவத்தைப் பார்ப்பது நல்லது. ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் கார்கள் அங்கே ஏராளமாக இறக்குமதியாயின. 2020இல் வாகன இறக்குமதிக்குத் தடை வந்தது. தனியார் கார்களுக்கு அது நீங்கியது 2025இல்தான். பழைய வண்டியையே ஓட்டியாக வேண்டும். பேட்டரியைப் பிரித்துச் சரிசெய்யும் கடைகள் அங்கே சாதாரணம்.

இரண்டாம் தலைமுறை பிரியஸ் பேட்டரி என்பது தொடராக இணைத்த 28 மாட்யூல்கள். ஒன்று பலவீனமானாலே டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. ஆனால் மீதி 27க்கும் அதே வயசு. கொஞ்ச நாளில் அடுத்தது படுக்கலாம். நிறைய ஓட்டம் உள்ளவருக்கு முழு பேட்டரியை மாற்றுவதே நிம்மதி. சுமார் 200 வோல்ட் சமாச்சாரம், நாமே திறந்து பார்க்கக் கூடாது.

செல்போன் மாதிரி இது முழுசாக ஏறி, முழுசாக இறங்குவதில்லை. கம்ப்யூட்டர் நடுவாந்தரத்திலேயே வைத்திருக்கும். நீண்ட ஆயுளுக்கு அதுதான் காரணம். எதிரி வெப்பம். பல மாடல்களில் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று, சீட் பக்கத்துத் துவாரம் வழியாகத்தான் போகிறது. புடவைக் கட்டுகளை அதன்மேல் அடுக்கினால், தூசி அடைத்தால், ஆயுள் குறையும். துவாரம் எங்கே என்று மேனுவலில் பாருங்கள்.

இங்கே இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் பேட்டரிகளுக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. புதுசா வாங்குபவருக்குக் கவலை குறைவு. ஏழாம் வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்தான் கணக்குப் போடணும்.

உதாரணமாக, வருஷம் 15,000 கி.மீ. ஓட்டம்; லிட்டருக்கு 12க்குப் பதில் 18 கி.மீ. கிடைத்தால் சுமார் 417 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 41,700 ரூபாய். டிராஃபிக்கில்தான் இந்த மிச்சம், ஹைவேயில் குறையும்.

டீலரிடம் பேட்டரி விலையைக் கூலியோடு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வருஷ மிச்சத்தால் வகுங்கள். எத்தனை வருஷ பெட்ரோல் மிச்சம் அதற்குப் போகும் என்று தெரிந்துவிடும். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வண்டிக்குப் பேரம் பேசுங்கள்.