கப்பலில் போக பாஸ்போர்ட் வேண்டுமா?

எங்கள் எழுத்து வகுப்பு கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நடக்கிறது. ஒரு நாள் மாலை, ஓர் அக்கா தாமதமாக வந்தார். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. நானே எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். கணக்கு சரிதானான்னு சொல்லுங்க" என்றார்.

சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: "பாஸ்போர்ட். 5 பேர். 20,000 ரூபாய்."

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை செய்கிறார். மகளுக்கு 12 வயது. மகனுக்கு 6 வயது. மாமியாருக்கு 64 வயது. மாமியாரின் தம்பி மகன் அந்தமானில் இருக்கிறார். வருகிற பூஜை விடுமுறையில் எல்லோரும் கப்பலில் அங்கே போக வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை.

"கடல் தாண்டிப் போறீங்க. பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்" என்று யாரோ சொல்லிவிட்டார். ஒரு தரகரையும் காட்டிவிட்டார். அந்தத் தரகர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் அது.

"சங்கிலியை அடகு வைக்கலாம்னு இருக்கோம்" என்றார் அக்கா.

அன்று எங்கள் பாடம் மாறிவிட்டது. எல்லோரும் சேர்ந்து இதைப் பற்றிப் பேசினோம். அன்று பேசியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் என்பது என்ன?

பாஸ்போர்ட் ஒரு சிறிய புத்தகம். 'இவர் எங்கள் நாட்டுக் குடிமகன்' என்று நம் அரசு வேறு நாட்டுக்குச் சொல்லும் சான்று அது. அதை நம் நாடு தருகிறது.

விசா என்பது வேறு. 'எங்கள் நாட்டுக்குள் நீங்கள் வரலாம்' என்று அடுத்த நாடு தரும் அனுமதி அது. நம் வீட்டுச் சாவி நம்மிடம் இருந்தாலும், அடுத்த வீட்டுக்குள் போக அவர்கள்தான் கதவைத் திறக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

கடலா, எல்லையா?

"கடல் தாண்டினால் பாஸ்போர்ட் வேண்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நாட்டின் எல்லையைத் தாண்டினால்தான் பாஸ்போர்ட் வேண்டும். கரும்பலகையில் நான்கு பயணங்களை எழுதிப் பார்த்தோம்.

முதல் பயணம்: கொல்கத்தாவிலிருந்து அந்தமான். சுமார் 1,250 கிலோமீட்டர் தூரம். கப்பலில் மூன்று நான்கு நாள் ஆகும். கப்பல் போய்ச் சேரும் ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். நடுவில் எவ்வளவு கடல் இருந்தாலும் அந்தமான் இந்தியாதான். அதனால் நமக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். படம் உள்ள அடையாள அட்டை போதும்.

இரண்டாவது பயணம்: கொச்சியிலிருந்து லட்சத்தீவு. அதுவும் இந்தியாதான். பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் அங்கே போக, வெளியூர் இந்தியர்களும் நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அனுமதிச் சீட்டு வேறு, பாஸ்போர்ட் வேறு.

மூன்றாவது பயணம்: நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையில் உள்ள காங்கேசன்துறை. இந்தக் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர்தான். நாலு மணி நேரப் பயணம். அந்தக் கரையிலும் தமிழ்தான் பேசுகிறார்கள். ஆனாலும் அது வேறு நாடு. பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டும். இலங்கை அரசின் அனுமதியும் வேண்டும்.

நான்காவது பயணம் கடலிலே அல்ல, ஆற்றிலே. 2023 ஜனவரி 13 அன்று காசியிலிருந்து 'கங்கா விலாஸ்' என்ற சுற்றுலாக் கப்பல் புறப்பட்டது. 51 நாள் பயணம். கொல்கத்தா வழியாக வந்து, வங்கதேசத்து ஆறுகளில் போய், அசாமில் திப்ரூகர் சேர்ந்தது. புறப்பட்ட இடம் இந்தியா. சேர்ந்த இடமும் இந்தியா. ஆனால் நடுவில் வங்கதேசம் வருகிறது. அப்படிப் போனால் பாஸ்போர்ட் வேண்டும்.

பார்த்தீர்களா? 1,250 கிலோமீட்டர் கடலுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். 110 கிலோமீட்டர் கடலுக்கு வேண்டும்.

கொல்கத்தாவின் வயதானவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் இங்கிருந்து குல்னா, பரிசால் போன ஊர்களுக்குப் போக யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை. 1947இல் நாடு பிரிந்தது. அந்த ஊர்கள் பாகிஸ்தானுக்குப் போயின. 1952 அக்டோபரில் இரண்டு நாடுகளுக்கும் நடுவே பாஸ்போர்ட் முறை வந்தது. இப்போது அந்த ஊர்கள் வங்கதேசத்தில் இருக்கின்றன. ஆறுகள் முன்பு போலவே ஓடுகின்றன. ஆனால் நடுவில் எல்லைக்கோடு வந்துவிட்டது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. நேபாளம், பூட்டான் இரண்டும் வேறு நாடுகள். ஆனால் பெரியவர்கள் வாக்காளர் அட்டையைக் காட்டியே அங்கே போகலாம்.

ஆகவே கப்பல் டிக்கெட் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில் நிற்கும்?" 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஒரு சுற்றுலாக் கப்பல் இலங்கைக்குப் போய்த் திரும்பியது. அப்படி ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும், நடுவில் வேறு நாட்டைத் தொட்டால் பாஸ்போர்ட் வேண்டும்.

செலவு எவ்வளவு?

"எப்படியும் பாஸ்போர்ட் ஒரு நாள் உதவும்தானே? இப்பவே எடுத்து வைத்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். 60 வயது தாண்டியவர்களுக்கும் 8 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு குறைவு.

அக்காவுக்கு 1,500. வீட்டுக்காரருக்கு 1,500. மாமியாருக்கு 1,350. மகளுக்கு 1,000. மகனுக்கு 900. மொத்தம் 6,250 ரூபாய்.

அக்காவே கூட்டிச் சொன்னார். பிறகு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். 20,000இல் 6,250 போனால் 13,750. வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். வெளிநாடு போகும் எண்ணமே இல்லாமல் இப்போது எடுத்தால், அது பெட்டியிலேயே காலாவதி ஆகிவிடும்.

"வெளிநாட்டு வேலைக்கு உதவுமே" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். உதவும். ஆனால் பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதி, குவைத் போன்ற சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, பாஸ்போர்ட் மட்டும் போதாது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இது நம்மைத் தடுக்க வந்த விதி அல்ல. ஏமாற்றும் ஆட்களிடமிருந்து நம்மைக் காக்க வந்த விதி.

எடுப்பது என்று முடிவு செய்தால்

பாஸ்போர்ட் எடுக்கத் தரகர் தேவையில்லை. அரசின் 'பாஸ்போர்ட் சேவா' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அதைப் போலவே போலித் தளங்களும் உண்டு, எச்சரிக்கை. படித்த பிள்ளைகள் யாரையாவது உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி, நாள் குறித்து, பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை நடக்கும். கொல்கத்தாவின் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் பிரேபோர்ன் சாலையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற எண்ணுக்குப் பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

உங்கள் அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன், உங்கள் பெயரைப் பாருங்கள். எல்லா அட்டைகளிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? அன்று அக்கா வீட்டு அட்டைகளையும் பார்த்தோம். மாமியாரின் பெயர் ஆதாரில் ஒரு விதமாக இருந்தது. வாக்காளர் அட்டையில் வேறு விதமாக இருந்தது. அட்டை வந்து பல வருடம் ஆகிறது. வீட்டில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அன்று முதல் முறையாக அக்கா படித்தார். தவறை அவரே கண்டுபிடித்தார்.

அவர்கள் என்ன முடிவு செய்தார்கள்?

அக்கா வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். இப்போது பாஸ்போர்ட் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வெளிநாடு போகும் நாள் வந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். முதலில் மாமியாரின் பெயரைத் திருத்த வேண்டும். சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் அக்கா வகுப்புக்கு ஒரு தாளைக் கொண்டு வந்தார். அதில் ஐந்து பேரின் பெயரும் வயதும் வரிசையாக எழுதியிருந்தன. கப்பல் டிக்கெட்டுக்காக, அட்டைகளைப் பார்த்து, அவரே எழுதியது. ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எல்லோருடைய அட்டைகளிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?
2. அந்தமான் போகப் பாஸ்போர்ட் வேண்டாம். காங்கேசன்துறை போக வேண்டும். ஏன்?
3. உங்கள் வீட்டில் நான்கு பேர் பாஸ்போர்ட் எடுத்தால் அரசுக் கட்டணம் எவ்வளவு ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.