கடலிற் படைக்கலப் பரிசோதனையும் பொதுமக்கள் உரிமையும்

நிலத்திலே படைப் பயிற்சிக்கென ஓரிடத்தை ஒதுக்க விரும்பும் அரசு, அந்நிலத்தை விலைகொடுத்தோ சட்டத்தின் வலியாலோ கைக்கொண்டு, முட்கம்பி வேலி அடைத்து, வாயிலிற் காவலனை நிறுத்திவிடலாம். வேலிக்குள்ளே அனுமதியின்றிப் புகுவோன் குற்றவாளி ஆவான். கடலில் இவ்வழி செல்லாது. கடலுக்கு வேலி இல்லை; அதனை விற்பதற்கு உரிமையுடையாரும் இல்லை. எனினும் பீரங்கி, டோர்ப்பிடோ, ஏவுகணை, அணுக்குண்டு ஆகிய யாவும் கடலிலே பரிசோதிக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வேளைகளில் மீனவனையும் மாலுமியையும் விலகி நிற்குமாறு பணிப்பதற்கு அரசுக்கு உரிமை தருவது எது? அவ்வுரிமை எத்துணைத் தூரம் செல்லும்? 1946 முதல் 1958 வரை பசிபிக் சமுத்திரத்திலே நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்தல் பொருந்தும். ஏனெனில், அங்கேதான் இவை ஏட்டளவில் நில்லாது, மனிதர் உடலையும் நீதிமன்றத்தையும் தொட்டன.

கடல் எல்லா நாட்டினர்க்கும் பொது என்னும் கொள்கையை ஒல்லாந்த அறிஞர் குரோசியசு 1609இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்ட முயன்றார். ஆயின், கரையை அடுத்த கடலிற் கரைநாட்டுக்குச் சிறப்புரிமை உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. அச்சிறப்புரிமை எங்கே முடிவது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிங்கர்சூக் என்னும் மற்றோர் ஒல்லாந்தர், கரையில் நின்று சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரமே ஆட்சியின் எல்லை என்றார். காலப்போக்கிற் பல நாடுகள் அதனை மூன்று கடல்மைல் எனக் கொண்டன. படைக்கலத்தின் வீச்சே சட்டத்தின் வீச்சுக்கு அளவுகோலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டிற் படைக்கலத்தின் வீச்சு ஆயிரக்கணக்கான மைல்களாக வளர்ந்தபோது, சட்டத்தின் வீச்சு அதனோடு கூட வளரவில்லை. பின்வரும் இடர்ப்பாடுகளுக்கெல்லாம் மூலம் இதுவே.

கரையை அடுத்த கடலைப் பொறுத்தவரை, காரியம் பெரும்பாலும் ஒழுங்காகவே நடைபெறுகின்றது. பிரித்தானியாவில் 1892ஆம் ஆண்டின் இராணுவ நிலச் சட்டம் படைப்பயிற்சி நிலங்களுக்குத் துணைவிதிகள் ஆக்கும் அதிகாரத்தை அளித்தது. 1900ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம் அதனைக் கடலுக்கும் கரைக்கும் விரித்தது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் சட்டமொன்று, பீரங்கிப் பயிற்சியால் ஆபத்துக்குள்ளாகும் நீர்ப்பரப்புகளுக்கு ஒழுங்குவிதி ஆக்கும் அதிகாரத்தை யுத்த அமைச்சருக்கு வழங்கியது. உணவுக்காக மீன்பிடிக்குந் தொழிலை நியாயமின்றி நெருக்கலாகாது என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் உண்டு. படை வேண்டுவதையும் மீனவன் வேண்டுவதையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசிய சட்டம் அது. கரையிற் செங்கொடி ஏறினால் விலகுவதும் இறங்கினால் வலைவீசுவதும் இத்தகைய கடற்கரைகளில் வாழ்வோர்க்குப் பழகிப்போனவை.

ஆழ்கடலின் கதை வேறு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னர் ஐக்கிய அமெரிக்கா தன் அணுக்குண்டுப் பரிசோதனைகளுக்கு மார்சல் தீவுகளைத் தெரிந்தெடுத்தது. 1946 மார்ச்சிலே பிக்கினித் தீவுக்கூட்டத்தின் குடிகள் 167 பேரும் தம் தீவை விட்டு நீக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் அங்கே இரு குண்டுகள் வெடித்தன. 1947இல் அத்தீவுகள் ஐக்கிய நாடுகளின் நம்பிக்கைப்பொறுப்பு ஆள்புலமாக அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவ்வுடன்படிக்கையின் 13ஆம் உறுப்புரை, பாதுகாப்புக் காரணங்களுக்காக எப்பகுதியையும் மூடப்பட்ட பகுதியெனக் குறிப்பிடலாம் என இடமளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே எனிவெற்றொக் அவ்வாறு மூடப்பட்டது. தீவை மூடுவதற்கு ஓர் உடன்படிக்கை இருந்தது. தீவைச் சூழ்ந்த பெருநீர்ப்பரப்பை மூடுவதற்கோ எவ்வித உடன்படிக்கையும் இல்லை. ஆதலின், அமெரிக்கா அதனை மூடியதாகச் சொல்லவில்லை. 'ஆபத்துப் பிரதேசம்' என மாலுமிகளுக்கு அறிவித்தது.

இவ்வேறுபாடு சொல்லளவானதன்று. தடை என்பது கட்டளை, மீறினாற் குற்றம். ஆபத்தறிவித்தல் என்பது எச்சரிக்கை. மீறுவோன் தன் உயிருக்குத் தானே பொறுப்பு. ஆழ்கடலிலே பிறநாட்டுக் கப்பலுக்குக் கட்டளையிட எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை. ஆதலின் பசிபிக்கில் வரையப்பட்ட எல்லைக்கோடு யப்பானிய மீனவனைப் பொறுத்தவரை வெறும் அறிவுரையே. ஆயின், நல்லறிவுள்ள தலைவன் எவன்தான் அணுக்குண்டு வெடிக்கும் நீரிற் புகுவான்? கட்டளையின் பயனை அறிவுரையே தந்துவிடுகின்றது. கட்டளையிட்டவன் ஏற்கவேண்டிய பொறுப்பை மட்டும் அது தருவதில்லை.

அப்பொறுப்பின் வினா 1954 மார்ச் 1ஆம் நாள் எழுந்தது. அன்று பிக்கினியில் வெடித்த ஐதரசன் குண்டு 15 மெகாதொன் வலிமை காட்டியது. அஃது அறிவியலாளர் எதிர்பார்த்ததிலும் இரு மடங்குக்கு மேற்பட்டது. அவ்வேளை, 'ஐந்தாம் புக்கூறியூ மறு' என்னும் சூரைமீன் பிடிக்கும் யப்பானியப் படகு பிக்கினிக்குக் கிழக்கே, அறிவிக்கப்பட்ட ஆபத்துப் பிரதேசத்துக்கு வெளியே நின்றது. அதிலிருந்தோர் 23 பேர். மேற்றிசையிலே கதிரவன் உதித்தாற்போன்ற ஒளியைக் கண்டனர். சில மணி நேரத்தில் வெண்ணிறத் தூள் படகின்மேற் பொழிந்தது. பவளப் பாறை பொடியாகி அணுக்கதிர் ஏறிய சாம்பல் அது. இரு வாரங்களின் பின் யாய்சுத் துறைமுகத்தை அவர்கள் அடைந்தபோது யாவரும் நோயுற்றிருந்தனர். வானொலி இயக்குநர் குபோயாமா ஐக்கிச்சி அவ்வாண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் இறந்தார். வேறு நூற்றுக்கணக்கான படகுகள் பிடித்து வந்த மீனிலும் அணுக்கதிர்த் தாக்கம் காணப்பட்டது; அம்மீன் உண்ணப்படாது ஒழிக்கப்பட்டது.

அமெரிக்க அணுச்சத்தி ஆணைக்குழுவின் தலைவர் இசுற்றோசு, அப்படகு பிரதேசத்தின் உள்ளேயே நின்றிருக்கவேண்டும் என்று அம்மாத இறுதியிற் கூறினார். அவர் கூற்றுத் தவறு. ஆயினும் அக்கூற்று ஓர் உண்மையைக் காட்டுகின்றது. எச்சரிக்கை என்று வரையப்பட்ட கோடு, தீங்கு நேர்ந்தவுடன் பழியைப் பங்கிடும் கோடாக மாறிவிடுகின்றது. உள்ளே நின்றவன் தன் பிழையாலே கெட்டான் எனலாம். வெளியே நின்றவனுக்கு என்ன சொல்வது? இதற்குச் சட்டத்தின் விடை கிடைக்கவேயில்லை. 1955 சனவரி 4ஆம் நாள் அமெரிக்க அரசு, சட்டப்படி தனக்குப் பொறுப்புண்டா இல்லையா என்பதைத் தொடாமல், 20 இலட்சம் டொலரை யப்பானுக்கு வழங்கியது. யப்பான் அதனை ஏற்றுக்கொண்டது. பணம் கொடுபட்டது, வினா அவ்வாறே நின்றது.

குண்டு வெடித்த சில வாரங்களுள் ஆபத்துப் பிரதேசம் விரிக்கப்பட்டது. முன்னர் ஏறக்குறைய 50,000 சதுரமைலாக இருந்தது, 450 மைல் ஆரையுடைய வட்டத்தை அடியாகக் கொண்டு ஏறக்குறைய 400,000 சதுரமைல் ஆயிற்று. இலங்கைத் தீவைப்போற் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட பரப்பு இது. இவ்வளவு நீரைப் பிறர்க்குப் பயனற்றதாக்குதல் கடற் சுதந்திரத்துக்கு இயைவதா என்பதில் அறிஞர் மாறுபட்டனர். 1955இல் யேல் பல்கலைக்கழகச் சட்டவியற் சஞ்சிகையிலே மார்கோலிசு என்பவர் அது சட்டத்துக்கு முரண் என வாதித்தார். அதே ஆண்டில் அதே சஞ்சிகையிற் பேராசிரியர் மக்டூகலும் இன்னொருவரும், கடற் சுதந்திரம் வரம்பற்றதன்று. பாதுகாப்பின் பொருட்டுச் சிறிது காலம் நியாயமான அளவிற் கடலைப் பயன்படுத்துவது ஒவ்வும் என்று எழுதினர். நியாயமான அளவு என்னும் சொற்றொடர் நெகிழ்ச்சியுடையது. அதனை அளப்பவரும் பரிசோதனை நடத்துபவரும் ஒருவராயிருக்கும்போது அந்நெகிழ்ச்சி எப்பக்கம் சாயும் என்பது சொல்லாமலே விளங்கும். 1958 ஏப்பிரிலில் ஆழ்கடற் சமவாயத்தை ஆக்கிய செனீவா மாநாடும், பிற நாடுகளின் நலனை நியாயமாக மதித்துக் கடலைப் பயன்படுத்துக எனப் பொதுப்படக் கூறிவிட்டு, அணுப் பரிசோதனை பற்றிய வினாவை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபைக்கு அனுப்பியது.

அந்த ஏப்பிரிலிலேதான் வழக்கு வேறொரு திசையில் எழுந்தது. பிறநாட்டவரைத் தடுக்க இயலாத அரசு, தன் நாட்டவரைத் தடுக்க இயலும் அன்றோ? அல்பேட் பிகலோ என்னும் முன்னாட் கடற்படை அதிகாரியும் அவருடன் மூவரும் 'கோல்டன் றூல்' என்னும் சிறு பாய்க்கப்பலிலே, பரிசோதனையை எதிர்த்து, ஆபத்துப் பிரதேசத்துக்குள்ளே செல்லக் கலிபோனியாவிலிருந்து புறப்பட்டனர். அவர்கள் அவாய்த் தீவுகளை நோக்கி வந்துகொண்டிருக்கையில், அணுச்சத்தி ஆணைக்குழு ஓர் ஒழுங்குவிதியை அவசரமாக வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்கப் பிரசைகளும் அந்நாட்டின் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டோரும் பிரதேசத்துட் புகுதல் குற்றம் என்பது அவ்விதி. ஆகவே ஒரே நீரிற் புகும் இரு படகுகளுள், அமெரிக்கனின் படகு செல்வது குற்றம். யப்பானியனின் படகு செல்வது அபாயம் மட்டுமே. ஒனொலூலு நீதிமன்றம் பிகலோ குழுவினர் புறப்படாதவாறு உறுத்துக்கட்டளை பிறப்பித்தது. அவர்கள் மே மாதத்தில் ஒருமுறையும் யூனில் ஒருமுறையும் அதனை மீறிப் பாய்விரித்து, இரு முறையும் தடுக்கப்பட்டு, அறுபது நாட் சிறைத்தண்டனை பெற்றனர். தண்டனை கட்டளையை மீறியதற்கே; ஆபத்துப் பிரதேசத்தை அவர்கள் கண்ணாலும் கண்டிலர்.

அவ்வழக்கை நீதிமன்றத்திலிருந்து கேட்டவருள் ஒருவர் ஏள் றெயினோல்ட்சு. அவர் மானிடவியலாளர், கிரோசிமாவிலே 1951 முதல் 1954 வரை, அணுக்குண்டுக்கு ஆளான பிள்ளைகளின் உடல்வளர்ச்சியை அளந்து ஆராய்ந்தவர். ஆங்கே கட்டிய 'பீனிக்சு' என்னும் பாய்க்கப்பலில் மனைவி மக்களோடும் யப்பானிய மாலுமியோடும் உலகைச் சுற்றிவந்து ஒனொலூலுவில் தங்கியிருந்தார். 1958 யூலை 1ஆம் நாள் பிரதேசத்தின் எல்லையைக் கடந்தார். தாம் கடந்த செய்தியைத் தாமே வானொலியிற் சொன்னார். மறுநாள் எல்லைக்குள்ளே 65 மைல் தூரத்திற் கரையோரக் காவற்படையினர் அவரைக் கைதுசெய்தனர். ஒனொலூலுவில் நடந்த விசாரணையில் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார்.

மேன்முறையீட்டில் 1960 டிசெம்பரில் அத்தீர்ப்புத் தள்ளுபடியாயிற்று. ஆழ்கடல் எல்லார்க்கும் பொது என்பதனால் அன்று. ஒழுங்குவிதி ஆக்குமுன் பொதுமக்களுக்கு அறிவித்து அவர்தம் கருத்தைக் கேட்கவேண்டும் என அந்நாட்டு நிருவாக நடைமுறைச் சட்டம் விதிக்கின்றது. ஆணைக்குழு அதனைச் செய்யவில்லை. ஆதலின் விதி செல்லாது என்பதே முடிவு. கடற் சுதந்திரத்தைப் பற்றிய பெருவினாவை எதிர்பார்த்தோர்க்கு இது சிறுகாரணமாகத் தோன்றலாம். அவ்வாறு கருதுதல் பொருந்தாது. குடிமகனை ஓரிடத்திலிருந்து விலக்கும் ஆட்சி, விலக்குமுன் அவனுக்கு அறிவித்துக் கேட்கக் கடமைப்பட்டது என்பது சிறுகாரணமன்று. முப்பது ஆண்டுகளின் பின், 1990இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் இதனை யொத்த முடிவொன்றைச் செய்தது. கிறீனம் பொதுநிலத்திலிருந்த படைத்தளத்துள் நுழைந்த பெண்களைத் தண்டித்த துணைவிதி, முற்குறித்த 1892ஆம் ஆண்டுச் சட்டம் காத்துவைத்த பொதுநில உரிமைகளைப் பறித்தமையால், செல்லாதெனத் தீர்க்கப்பட்டது. நிலத்தைப் பற்றியதாயினும், கடலுக்கும் விரிந்த அதே சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு அது. றெயினோல்ட்சுக்கு நீதி கிடைத்தபோதோ மார்சல் தீவுகளில் அணுக்குண்டு வெடிப்பது நின்று இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

1963 ஓகத்தில் மொசுக்கோவிற் கைச்சாத்தான உடன்படிக்கை, வளிமண்டலத்திலும் நீரடியிலும் அணுப் பரிசோதனையைத் தடுத்தது. பிரான்சு அதிற் சேரவில்லை. 1966 முதல் முறுறோவாவிற் பரிசோதித்தது. அவுத்திரேலியாவும் நியூசீலாந்தும் 1973இற் சருவதேச நீதிமன்றத்தை நாடின. வளிமண்டலப் பரிசோதனைகளை நிறுத்துவதாகப் பிரான்சு வாக்களித்தமையால், வழக்குக்குப் பொருள் இல்லாமற்போயிற்று என அந்நீதிமன்றம் 1974 டிசெம்பரில் 9க்கு 6 என்ற பெரும்பான்மையால் முடிவுசெய்தது. கடலை மூடும் உரிமை பற்றிய விடை இங்கும் கிடைக்கவில்லை.

இன்று இப்பொருளை ஆள்வது 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயம். அதனை ஆக்கிய மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான சேர்லி அமரசிங்க. அதன் 25ஆம் உறுப்புரைப்படி, கரைநாடு தன் ஆள்புலக் கடலிற் குறித்த பகுதிகளில், ஆயுதப் பயிற்சி உட்படத் தன் பாதுகாப்புக்கு இன்றியமையாதபோது, பிறநாட்டுக் கப்பல்களின் தீங்கற்ற செலவைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆயின் நாடுகளுக்கிடையே வேறுபாடு காட்டலாகாது. முறைப்படி வெளியிட்ட பின்னரே நிறுத்தம் செல்லும். ஆள்புலக் கடலுக்கு இப்போது 12 கடல்மைல் வரை எல்லை. அதற்கப்பாலுள்ள பொருளாதார வலயத்திற் பிறநாட்டார் படைப்பயிற்சி செய்யலாமா என்பதில் நாடுகள் ஒத்த கருத்துடையன அல்ல. தன் இணக்கமின்றிச் செய்யலாகாது என இந்தியா 1995இற் சமவாயத்தை ஏற்றபோது அறிக்கை செய்தது. ஆழ்கடல் அமைதி நோக்கங்களுக்கு உரியது என 88ஆம் உறுப்புரை கூறுகின்றது. எனினும் ஏவுகணைகள் இன்றும் ஆழ்கடலில் விழுகின்றன. மார்சல் தீவுகளின் குவாசலின் நீரேரி இன்னமும் அமெரிக்க ஏவுகணைப் பரிசோதனைத் தளமாகவே இருக்கின்றது. அதன் நடுப்பகுதித் தீவுகளிலிருந்து பெயர்க்கப்பட்டோர் ஈபாய் என்னும் சிறு தீவிலே நெருங்கி வாழ நேர்ந்தது.

ஆழ்கடலிற் சட்டத்தின் கருவி 1954இல் இருந்ததே: எச்சரிக்கை. உலகக் கடல்கள் எச்சரிக்கைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இலங்கையைச் சூழ்ந்த நீர் எட்டாம் பகுதியில் அடங்கும். அதற்குப் பொறுப்பான நாடு இந்தியா. வங்காள விரிகுடாவில் ஏவுகணை பரிசோதிக்கப்படும்போது, அகலக்கோடும் நெடுங்கோடும் நாளும் நேரமும் குறித்த அறிவித்தல் ஒன்று வெளியாகும். பெருங்கப்பலின் கருவியறையில் அது தானே வந்து பதியும். கருவி இல்லாத சிறு வள்ளத்துக்கு அவ்வறிவித்தலைக் கொண்டுசேர்ப்பது யார் கடமை என்பதை, வெளியிடுதலைக் கட்டாயமாக்கிய 25ஆம் உறுப்புரை கூறவில்லை.