மலைப்பாதையில் மிதிவண்டி: ஏற்றமும் இறக்கமும்

எலும்பு முறிவிலிருந்து தேறிவரும் இளைஞர்களின் குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இவர் இனிமேல் அந்த கியர் சைக்கிளைத் தொடலாமா?" என்பதாகும். இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் அதையே வேறு விதமாகக் கேட்கின்றனர்: "சைக்கிள் ஓட்டுவது நல்லது என்கிறீர்களே, எந்த அளவுக்கு?" இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆயினும் மலைப்பாதை மிதிவண்டி ஓட்டத்தின் இயல்பை அறிந்துகொண்டால் விடையைப் பெருமளவு நாமே கண்டறியலாம். இவ்விளையாட்டில் ஏற்றம் இதயத்தைச் சோதிக்கிறது. இறக்கம் எலும்பைச் சோதிக்கிறது. இவற்றுள் தமக்கு எது ஆகாது என்று தெரிந்துகொள்வதே முதற்படி.

இறக்கத்தில் பிறந்த விளையாட்டு

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதி இளைஞர்கள், பருத்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை மலைமேல் கொண்டுசென்று மண்பாதை வழியே கீழ்நோக்கி ஓட்டி மகிழ்ந்தனர். 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் நேரம் கணக்கிட்டு ஒரு போட்டியை நடத்தினர். அந்தப் பாதை சுமார் மூன்றரை கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்குகிறது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் உள்ள உயர வேறுபாடும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் நமது நெடுஞ்சாலை அந்த இறக்கத்தை 50 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரப்பி வைத்திருக்கிறது. மரின் மலையில் ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகும். மறுபடியும் கிரீஸ் அடைத்தாக வேண்டும் என்பதால் அப்போட்டிக்கு 'ரீபேக்' என்ற பெயரே வழங்கலாயிற்று.

அக்குழுவைச் சேர்ந்த ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் ஆகியோரும் டாம் ரிச்சி முதலியோரும் மலைப்பாதைக்கென்றே தனி மிதிவண்டிகளை உருவாக்கத் தொடங்கினர். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தில் 2005இல் பல நாள் நீளும் மலைப்பாதைப் போட்டி ஒன்று தொடங்கியது.

போட்டிகளுள் இரு வகைகள் முதன்மையானவை. முதலாவது, ஏற்றமும் இறக்கமும் கலந்த சுற்றுப்பாதையில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது. இரண்டாவது, செங்குத்தான சரிவில் ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிடங்களில் இறங்கி முடிப்பது. இரண்டாவது வகையில் முகத்தையும் மூடும் தலைக்கவசம் கட்டாயம்.

நம் வட்டாரத்தில்

பெங்களூரில் கனகபுரா சாலையையொட்டிய துரஹள்ளிக் காட்டுப் பகுதி மலைப்பாதை ஓட்டிகளிடையே நன்கு அறியப்பட்டது. அந்த ஆர்வம் எல்லை கடந்து நம் சிப்காட் இளைஞர்களையும் தொட்டிருப்பதில் வியப்பில்லை. பாறைக் குன்றுகள், செம்மண் வழிகள், ஏரிக்கரைகள் ஆகியவை நம் பகுதியிலும் உண்டு. எனினும் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் யானைகளின் நடமாட்டம் உள்ளவை. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் இப்பகுதியில் அமைந்துள்ளது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. பழகுவதற்கு ஊரை ஒட்டிய திறந்தவெளி மண்பாதைகளே போதுமானவை.

இரவு ஷிப்டு முடித்துவிட்டு உறங்காமல் நேரே பாதைக்குச் செல்லும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும். தூக்கமில்லாத கண்ணும் கையும் ஒரு நொடி பிந்தியே செயற்படும். கற்கள் நிறைந்த சரிவில் விழுவதற்கு அந்த ஒரு நொடி போதும்.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டியவை

சமதளத்தில் மிதமாக இருக்கும் உழைப்பு, மேட்டில் சில நொடிகளிலேயே கடுமையானதாகிவிடும். இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. ஓட்டும்போது தொடர்ச்சியாகப் பேச முடிந்தால் உழைப்பு மிதமானது. ஓரிரு சொற்களுக்கு மேல் பேச இயலாமல் மூச்சு வாங்கினால் அது கடுமையானது. மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆகியவற்றுக்குப் பின் முதலில் நடைப்பயிற்சி, அடுத்து நிலையான மிதிவண்டி, அதன்பின் சமதளச் சாலை என்ற வரிசையில்தான் முன்னேற வேண்டும். மேடு ஏறுவதைப் பற்றி மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்வார். மலை ஏறித்தான் இதயத்தைக் காக்க வேண்டும் என்பதில்லை. வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைச் சமதளத்திலேயே நிறைவேற்றலாம்.

இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் புறப்படுமுன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையோ குளுக்கோஸோ சட்டைப் பையில் இருக்க வேண்டும். கடும் உழைப்புக்குப் பின் அன்றிரவும் சர்க்கரை குறையக்கூடும் என்பதை வீட்டாரும் நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரையில் முற்றிய பாதிப்பு உள்ளவர்களுக்குக் குலுங்கும் பாதை ஆகாது.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியவை

இறங்குமுன் இருக்கையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இரு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்க, அவற்றின்மேல் எழுந்து நின்று, முழங்கையையும் முழங்காலையும் தளர்வாக மடக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னே கொண்டுசெல்ல வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுகப் பிடித்தால் வண்டி ஓட்டியை முன்னே தூக்கி எறிந்துவிடும். இரு பிரேக்குகளையும் வளைவுக்கு முன்னரே மெல்ல அழுத்திப் பழக வேண்டும். பார்வை சக்கரத்தின்மீது அல்ல, வரப்போகும் பாதையின்மீது இருக்க வேண்டும்.

தலைக்கவசம் மிதிவண்டி ஓட்டிகளின் தலை, மூளைக் காயங்களின் வாய்ப்பை 63 முதல் 88 விழுக்காடு வரை குறைக்கிறது என்று கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் கரடுமுரடான இறக்கங்களைத் தவிர்ப்பதே நலம்; அவர்களுக்குச் சிறு வீழ்ச்சியும் உள்ளே பெரும் ரத்தக் கசிவாகலாம்.

விழுந்துவிட்டால்

விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதனால் காறை எலும்பும் மணிக்கட்டும் அதிகம் முறிகின்றன. கட்டைவிரலின் அடியில் உள்ள குழிவை அழுத்தினால் வலி இருக்குமாயின், படகெலும்பு முறிந்திருக்கலாம். இம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ஆகையால் 10 முதல் 14 நாள்களில் மறுபடியும் படம் எடுக்கச் சொன்னால் தவறாமல் வாருங்கள். "சுளுக்குத்தானே" என்று விட்டுவிட்டால் எலும்பு கூடாமல் கைக்கு நிலையான குறை நேரக்கூடும். இயந்திரத்தில் கைவேலை செய்பவருக்கு அது பிழைப்பையே பாதிக்கும்.

கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே காயம் இல்லையென்றாலும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மண்ணீரலிலும் கல்லீரலிலும் ஏற்படும் கசிவு சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். தலையில் அடிபட்டவர் மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பினாலும் உறக்கம் கலையாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். நாம் எல்லைப் பகுதியில் வாழ்வதால், மாநிலத்தையும் ஊர்ப் பெயரையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

மீண்டும் எப்போது?

பெரியவர்களுக்குக் காறை எலும்பு கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். வலி நீங்கிவிட்டது என்பது மட்டும் எலும்பு கூடியதற்குச் சான்றாகாது. எக்ஸ்ரேயும், தோளின் அசைவும், கையின் பிடிவலிமையும் பார்த்தே அனுமதி தரப்படும். வேலைக்குச் செல்ல இயலாத நாள்களுக்குத் தகுதியுள்ள இ.எஸ்.ஐ. உறுப்பினர், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். வருமானம் நின்றுவிடுமே என்ற அச்சத்தால் ஆறாத கையுடன் வேலைக்கோ பாதைக்கோ விரைய வேண்டாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். முற்றாகத் தடுத்தால் சிலர் சொல்லாமல் தனியே செல்வர். தனியே விழுந்தவருக்கு உதவி பிந்தியே கிடைக்கும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது நீங்களும் உடன் வாருங்கள். ஏற்றம் ஆகுமா, இறக்கம் ஆகுமா என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். "சமதளம் மட்டும், மூன்று மாதம்" என்று மருத்துவர் சொன்னால் அதைக் குறித்துக்கொண்டு, அந்த மூன்று மாதமும் அவருடன் நீங்களும் காலையில் சிறிது தூரம் செல்லுங்கள்.