சுப்பாராவும் புற்றுநோய் மருந்தும்

அமினோ அமிலங்களோடு நைட்ரஜன் கலந்த வளையங்களைப் பிணைத்துப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ரஸாயன சாஸ்திரிகள் நம் ஸர்வகலாசாலைகளில் இன்று பலர் உளர். இது வீண் வேலை என இகழ்வோர் எல்லாப்பிரகட சுப்பாராவின் சரித்திரத்தை அறியார் போலும்.

1895-இல் பீமவரத்தில் பிறந்த அவர் சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் சொற்படி அந்நியத் துணியை விடுத்து, கதரங்கி தரித்தே ரண சிகிச்சைச் சாலைக்குச் சென்றார். வெள்ளைக்கார ஆசிரியர் சினங்கொண்டார். எழுத்துப் பரீட்சையில் நன்கு தேறியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே அவருக்குக் கிடைத்தது. உடுத்த துணியைக் கொண்டு மூளையை அளந்த அந்த நீதியை என்னென்பது! பின்னர் அவர் அமெரிக்கா சேர்ந்தார்.

அங்கே லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் உழைத்தோர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தனர். ஒரு முனையில் டெரின் என்னும் இரட்டை வளையம். மறு முனையில் குளூடாமிக் என்னும் அமினோ அமிலம். இடையே ஓர் இணைப்பு. உயிரணுக்கள் பெருக இஃது இன்றியமையாதது. பின்னர் அவ்வளையத்தில் ஆக்ஸிஜன் நின்ற ஓரிடத்தில் அமினோத் தொகுதியை வைத்தனர், பிறந்தது அமினோப்டெரின். ஃபோலிக்குக்கு இது போலி (சிலேடைக்காகச் சொல்லவில்லை, உண்மையே அது). உயிரணுவிலுள்ள என்ஸைம் இதனை மெய்யென்று பற்றி முடங்கிப்போகும். ஓயாது பெருகும் புற்றணு மடியும். நல்ல அணுக்களும் ஓரளவு தாக்குண்ணும் என்பதை மறைப்பதற்கில்லை.

இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குப் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இதனைக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் சிறிது காலம் தணிந்ததென்று 1948-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். இம்மருந்தின் உடன்பிறப்பாகிய மெதோட்ரெக்ஸேட், நஞ்சுக்கொடித் திசுவில் எழும் ஒருவகைப் புற்றை அறவே நீக்கியதென 1956-இல் அறிவிக்கப்பட்டது. இன்றும் அது உலகெங்கும் வழங்குகிறது. நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அதனைச் செய்கின்றன.

பிறர் கண்ட மருந்தை மலிவாகச் செய்வதில் நாம் வல்லவர்களே. புதியது காண்பதற்கு அது போதாது. சுப்பாராவின் அருகில் ரஸாயனிகளும், பிராணிகளிடம் சோதிப்போரும் இருந்தனர். மருந்தை ஏற்றுக் கொடுத்துப் பார்க்க ஃபார்பர் போன்ற வைத்தியரும் இருந்தார். நம் கல்லூரிகளில் பிறக்கும் கூட்டுப்பொருள்களிற் பல, கட்டுரை அச்சேறியதும் குப்பியிலேயே உறங்குகின்றன. ஆராய்ச்சிக்கு மானியம் வழங்கும் சர்க்கார், அச்சேறிய கட்டுரைகள் எத்தனை என்று கேட்பதோடு நிற்கலாகாது. குப்பி எந்த ஆஸ்பத்திரியின் வாயிலை எட்டியது என்றும் கேட்கவேண்டும்.