மாநில எல்லை தாண்டும் ஆக்குபேஷனல் தெரபி

ஒஹையோவின் சின்சினாட்டியையும் கென்டக்கியின் கோவிங்டனையும் பிரிப்பது ஓர் ஆறுதான். பாலத்தில் நடந்தே கடக்கலாம். ஆனால் ஒஹையோவில் உரிமம் பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர், அந்த உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோவிங்டனில் இருப்பவருக்குச் சிகிச்சை தர முடியாது. வீடியோ அழைப்பிலும் முடியாது. நோயாளி இருக்கும் இடத்தில்தான் சிகிச்சை நடக்கிறது என்று சட்டம் கொள்கிறது.

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக்குவது இந்தச் சிகிச்சை. மாதக்கணக்கில் நீளும், ஒரே தெரபிஸ்டிடம் தொடர்ந்தால் நல்லது. ஆட்டிசம் உள்ள குழந்தை புதிய முகத்துக்குப் பழகவே வாரங்கள் ஆகலாம். குடும்பம் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனதும் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோவது கொடுமை.

அமெரிக்காவில் எல்லா மாநிலத்தவரும் எழுதுவது ஒரே தேசியத் தேர்வுதான். உரிமம் கொடுப்பது மட்டும் மாநிலத்தின் அதிகாரம். மாநிலத்துக்கு மாநிலம் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இதைத் தளர்த்தவே மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டன. 2021இல் வர்ஜீனியா முதலில் சட்டமாக்கியது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரப் பத்து மாநிலங்கள் வேண்டியிருந்தது. இப்போது ஒஹையோ, கென்டக்கி உள்பட 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. 2024 முடியும்வரை கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை.

ஒரே உரிமம் எல்லா உறுப்பு மாநிலத்திலும் செல்லும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது செவிலியர்களுக்கான ஒப்பந்தத்தின் முறை. இங்கே, தெரபிஸ்ட் குடியிருக்கும் மாநிலத்தின் உரிமமே அடிப்படை. அதைக் காட்டி, வேலை செய்ய விரும்பும் ஒவ்வொரு உறுப்பு மாநிலத்திலும் பணி அனுமதி வாங்க வேண்டும். எஃப்.பி.ஐ. மூலம் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. சில மாநிலங்கள் தங்கள் சட்டங்களைப் பற்றித் தேர்வும் வைக்கலாம். ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

அனுமதி கிடைத்தாலும் சொந்த மாநில விதிகளைக் கையோடு கொண்டுபோக முடியாது. கென்டக்கி நோயாளிக்குக் கென்டக்கி விதிதான். சொந்த மாநிலம் உரிமத்துக்குக் கட்டுப்பாடு விதித்தால் மற்ற மாநில அனுமதிகளும் கூடவே போய்விடும். ஓரிடத்தில் தவறு செய்தவர் இன்னோரிடத்தில் புதிதாகத் தொடங்க வழியில்லை. இந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சட்டம் வந்த வேகத்தில் அனுமதிகள் வரவில்லை. எல்லா உறுப்பு மாநில உரிமப் பதிவுகளையும் இணைக்கும் பொதுத் தரவுத்தளம் இல்லாமல் ஒன்றும் நகராது. அதைக் கட்டி முடிக்க ஆண்டுகள் பிடித்தன.

அடிக்கடி இடம் மாறும் ராணுவக் குடும்பங்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. பணியில் உள்ள வீரரின் துணைவர் தெரபிஸ்டாக இருந்தால், வீரர் பணியில் நீடிக்கும்வரை தாம் குறிப்பிட்ட சொந்த மாநிலத்தையே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வேறு மாநிலத்தில் குடியேறினால், அங்கே உரிமத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.