ஆப்பிளுக்குள் ஒரு குடித்தனம்

செப்டம்பர் பிறந்தால் மொன்றியல் குடும்பங்கள் வாரக் கடைசியில் பையும் கூடையுமாகக் கிளம்பிவிடும். கிழக்கே ரூஜ்மோன், மேற்கே ஓக்கா. இரண்டு பக்கமும் ஆப்பிள் தோட்டங்கள். பறித்த பழங்களில் ஒன்றிரண்டின் தோலில் சின்னத் துளை இருக்கும், வாயில் செம்பழுப்புப் பொடி ஒட்டியிருக்கும். பொடி என்பது மரியாதைக்காக; அது புழுவின் எச்சம்.

புழு காட்லிங் அந்துப்பூச்சியின் குட்டி. 1758-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய இது, ஐரோப்பியக் குடியேறிகளின் பின்னாலேயே கடல் கடந்து வந்தது. பழத்தின் சதை அதற்கு வெறும் வழிதான். குடைந்து நடுப்பகுதிக்குப் போய் விதைகளைத் தின்னும். கொழுத்தபின் வெளியேறி மரப்பட்டை இடுக்கில் பட்டுக்கூடு பின்னி, கியூபெக்கின் குளிர்காலம் முழுக்க அதற்குள் கிடக்கும். துளை இருந்தும் புழுவைக் காணோமே என்றால், அது வீடு மாறிவிட்டது.

இதன் குடும்பத்துக்கு டார்ட்ரிசிடே என்று பெயர். பத்தாயிரத்துக்கும் அதிகமான இனங்கள். பல இனங்களின் புழுக்கள் இலையைச் சுருட்டி நூலால் கட்டி உள்ளே உட்கார்ந்து தின்பவை. நம் நெல்வயல் இலைச்சுருட்டுப் புழு வேறு குடும்பம், தொழில் மட்டும் ஒன்று. மெக்சிகோவில் விற்கும் 'குதிக்கும் அவரை'க்குள் துள்ளுவதும் டார்ட்ரிசிடே புழுதான். கியூபெக்கின் காடுகளை 2006-இலிருந்து மொட்டையடித்துவரும் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழுவும் இதன் உறவு. பெயரில்தான் ஸ்ப்ரூஸ், நாக்குக்குப் பிடித்தது பால்சம் ஃபிர் மரம். இந்த மொட்டுப்புழுவுக்கு விமானத்திலிருந்து பி.டி. பாக்டீரியா மருந்து தெளிக்கிறார்கள்.

ஆனால் ஆப்பிளுக்குள் புகுந்துவிட்ட காட்லிங் புழுவை மருந்து எட்டாது. அதனால் தோட்டக்காரர்கள் கலியாணத்தையே நிறுத்தப் பார்க்கிறார்கள். அந்தி மயங்கியதும் பெண் பூச்சி ஒரு வாசனையை விடும். ஆண் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டே வந்து சேரும். அதே வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து, பிளாஸ்டிக் கயிறுபோல் இருக்கும் குழல்களில் அடைத்து, பூச்சி பறக்கத் தொடங்குமுன் கிளைகளின் உச்சியில் கட்டிவிடுகிறார்கள். தோட்டமே மணக்கும்போது எந்தப் பெண் எங்கே என்று ஆணுக்குத் தெரியாது. சாம்பல் சிறகின் நுனியில் செம்பு நிறத் திட்டோடு, அது விடியும்வரை அலைய வேண்டியதுதான்.

பெரிய தோட்டத்தில் இது நன்றாக வேலைசெய்கிறது, சின்னத் தோட்டத்தில் சிக்கல். பக்கத்து வீட்டுக் கொல்லையில் யாரும் கவனிக்காத ஒற்றை ஆப்பிள் மரம் போதும். அங்கே இணைசேர்ந்த பெண், வேலி தாண்டி வந்து முட்டையிட்டுவிடும்.