எதுகையில் மயங்கும் செவியும் ஏமாற்றில் இழக்கும் செல்வமும்



"முதலைப் போடு, மும்மடங்காய்த் தேடு!"

இப்படியொரு துண்டு விளம்பரம் உங்கள் வீட்டு வாசலில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். செவிக்கு இனிக்கிறதல்லவா? 'முதலை, மும்மடங்காய்' என்பதில் மோனை இருக்கிறது. 'போடு, தேடு' என்பதில் இயைபு இருக்கிறது. இனி, அதே செய்தியை ஓசை நயம் ஏதுமின்றிச் சொல்லிப் பாருங்கள். "ஆயிரம் ரூபாய் தாருங்கள். மூவாயிரமாகத் திருப்பித் தருகிறோம். அது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்." இதை நம்பி எவரேனும் பணம் கொடுப்பாரா? இரண்டும் ஒரே செய்திதான். ஓசை நீங்கியதும் ஐயம் பிறந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான மெக்லோன், டோஃபிக்பக்ஷ் இருவரும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே கருத்தை இயைபு அமைந்த முதுமொழியாகவும், இயைபற்ற வாக்கியமாகவும் அமைத்து மாணவர்களிடம் தந்தனர். இயைபு அமைந்தவையே உண்மைக்கு நெருக்கமானவை என்று மாணவர்கள் மதிப்பிட்டனர். ஆனால், நடையழகு வேறு, கருத்து வேறு எனப் பிரித்துப் பார்க்குமாறு முன்கூட்டியே சொன்னபோது அம்மயக்கம் குறைந்தது. நம் குடும்பங்களைக் காக்கும் பாடம் ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

பாவலன் தரும் வாக்கு

ஓசையின் மீது நமக்குப் பகையில்லை. மலர்களைத் தொடுப்பது போல அடிகளையும் சீர்களையும் ஓசையால் தொடுப்பதைத் 'தொடை' என்றனர் நம் இலக்கண ஆசிரியர்கள். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. இறுதி ஒன்றி வந்தால் இயைபு. முதலடியைக் கேட்ட செவி, அடுத்த அடியிலும் அதே ஓசை வருமென எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. எனவே, ஒவ்வொரு தொடையும் பாவலன் நமக்குத் தரும் ஒரு வாக்குறுதியாகும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் உள்ளன. விருத்தம் ஒவ்வொன்றிலும் நான்கு அடிகளுக்கு எதுகை அமைத்துச் செல்கிறார் புலவர். நம் இல்லங்களில் ஓதப்படும் புர்தாவை இயற்றிய பதின்மூன்றாம் நூற்றாண்டின் இமாம் பூஸரி (ரஹ்) அவர்கள், கவிதை முழுவதையும் 'மீம்' என்னும் ஒரே எழுத்தின் இயைபில் நிறுத்தினார்கள். இவர்கள் தந்த வாக்குறுதிகள் அத்தனையும் தத்தம் சொற்செல்வத்திலிருந்தே நிறைவேற்றப்பட்டன. எவருடைய பையிலிருந்தும் எடுத்துத் தரப்படவில்லை.

எதுகைக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. 'வட்டி, பெட்டி' என்பது எதுகை. 'வட்டி, போட்டி' என்பது எதுகையாகாது. முதலெழுத்துகள் குறிலுக்குக் குறிலாக, நெடிலுக்கு நெடிலாக அளவொத்து நிற்க வேண்டும். ஒன்றுபோல் ஒலித்தால் மட்டும் போதாது, அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பது புலவர்கள் வகுத்த விதி. பணத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது நாம் மறந்துவிடும் விதியும் இதுவே!

பாஸ்டன் நகரத்து அந்தாதி

தொடை வகைகளுள் அந்தாதியும் ஒன்று. ஒரு பாடலின் அந்தம் அடுத்த பாடலுக்கு ஆதியாகும். நிதி மோசடியும் ஒருவகையில் அந்தாதியே. கடைசியாக வந்தவரின் முதல், முன்னால் வந்தவரின் இலாபமாகிறது.

இம்மோசடிக்குத் தன் பெயரையே விட்டுச் சென்றவர், இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் பான்ஸி. 45 நாள்களில் ஐம்பது விழுக்காடு இலாபம், 90 நாள்களில் இருமடங்கு என்று 1920-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் அவர் அறிவித்தார். வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கும் அஞ்சல் பதில் கூப்பன்களை வாங்கி, அமெரிக்காவில் அதிக விலைக்கு மாற்றுவதே தம் தொழில் என்றார். முதலில் வந்தவர்களுக்குச் சொன்னபடியே பணம் கிடைத்தது. அதைக் கண்ட அண்டை அயலார் திரண்டனர்.

பொருளியல் இதழாளர் கிளாரன்ஸ் பாரன் அமைதியாக ஒரு கணக்குப் போட்டார். பான்ஸி திரட்டிய பணத்துக்கு ஈடாகப் பதினாறு கோடிக் கூப்பன்கள் வேண்டும். உலகில் புழக்கத்தில் இருந்தவையோ ஏறத்தாழ 27,000 மட்டுமே! ஓசை ஒத்தது, அளவு ஒக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் பான்ஸி கைதானார். 1949-இல் பிரேசில் நாட்டு மருத்துவமனை ஒன்றில் ஏழ்மையில் இறந்தார்.

நீங்களே கணக்கிடுங்கள்

மூன்று மாதத்தில் இருமடங்கு தருவதாக ஒருவர் பத்துப் பேரிடம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குகிறார். தொழில் ஏதும் நடத்தவில்லை. சொன்னபடி கொடுக்க வேண்டுமானால் அடுத்த சுற்றில் 20 பேர் வேண்டும். பிறகு 40, பிறகு 80. பத்தாம் முறை பெருகும்போது 10,240 பேர். இருபதாம் முறை ஒரு கோடியைத் தாண்டிவிடும். இருபத்து மூன்றாம் முறை எட்டுக் கோடிக்கும் மேல்! 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகையே 7.21 கோடிதான். ஆறு ஆண்டுகள் முடிவதற்குள், பச்சிளங் குழந்தைகளையும் சேர்த்தாலும் ஆள் போதாது.

புலவரின் அந்தாதியில் கடைசிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தை வந்தடைந்து மண்டலித்து நிறைவு பெறும். மோசடிக்காரரின் அந்தாதி மண்டலிப்பதே இல்லை, பாதியில் அறுந்துவிடும். அறும்போது இறுதியில் நிற்பவர் யார்? அக்கம்பக்கத்தார் பெற்ற இலாபத்தைப் பார்த்து, வளையலை விற்றுக் கடைசியாகப் பணம் கட்டிய ஏழைத் தாய்தான்!

உறவின் ஓசை

செவியை மயக்குவது சொல்லின் ஓசை மட்டுமன்று. 'நம்மவர்' என்பதும் ஓர் இனிய ஓசையே. பான்ஸியை நம்பியவர்களுள் அவரைப் போன்ற இத்தாலியக் குடியேறிகள் பலர். 2008-இல் அம்பலமான நியூயார்க் பெர்னார்ட் மேடாஃபின் மோசடியில், அவருடைய யூத சமூகத்தின் அறக்கட்டளைகளே பணத்தைப் பறிகொடுத்தன. பெங்களூரில் 'ஹலால் முதலீடு' எனக் கூறிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூன் மாதத்தில் நிலைகுலைந்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் காவல்துறையில் முறையிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். 'ஹலால்' என்னும் சொல்லைக் கேட்டதும் மனம் அமைதியடைந்துவிட்டது. கணக்கைக் கேட்க வாய் வரவில்லை.

"நம்மவரிடம் எழுத்து எதற்கு? சந்தேகப்படுவது போலாகுமே!" என்று தயங்குகிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282, கடனை எழுதி வைத்துச் சாட்சிகளையும் அமைத்துக்கொள்ளும் முறையைத்தான் விரிவாகக் கற்பிக்கிறது. எழுத்தைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

சகோதரிகளே! அடுத்த முறை கவர்ச்சியான வாக்குறுதி ஒன்று வந்தால், முதலில் அதன் எதுகை மோனையை நீக்கிவிட்டுப் படியுங்கள். பிறகு கேளுங்கள். இந்த இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? புதியவர் எவரும் சேராவிட்டாலும் வருமா? தொழிலில் ஏற்றமும் இறக்கமும் இருக்க, இலாபம் மட்டும் மாதந்தவறாமல் ஒரே அளவில் வருவது எப்படி? ஆள் சேர்த்தால் தரகு தருவது ஏன்? வாங்கும் பணத்துக்கு எந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றிருக்கிறார்கள்?

சீட்டுக் கட்டுவதே தவறென்று எண்ணிவிட வேண்டா. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டுகள் உண்டு. முறையற்ற வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழகத்தில் 1997-ஆம் ஆண்டு முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருந்துவிடாமல், காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவை உடனே அணுக வேண்டும். அவருடைய மௌனம் அடுத்த குடும்பத்தையும் அந்தச் சங்கிலியில் கோத்துவிடும்.

பாட்டைச் செவியால் கேளுங்கள். பண விவகாரத்தைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். பாலைவன வெயிலில் கணவர் சிந்திய வியர்வையும், மகளின் திருமணத்துக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொன்னும் ஓர் அழகிய சொற்றொடருக்கு விலையாகிவிடலாமா? சிந்தியுங்கள்!